சூளைக்குப் போகாத தலையணை உறை

அன்பு உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அப்பாவின் ஓராண்டு நினைவு நாளில் எங்கள் அழைப்பை மதித்து வந்திருக்கிறீர்கள். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் அப்பா தைத்த ஏதாவது ஒன்று இருக்கும். ஒரு போர்வை, ஒரு காய்கறிப் பை, மிக்சிக்கு ஓர் உறை, இல்லாவிட்டால் ஸ்கூட்டர் சீட்டுக்கு ஒரு கவர். மீதிப் பாதிப் பேர் கேட்கவில்லை, அதனால் கிடைக்கவில்லை. கேட்காதவர்களுக்கு அப்பா எதையும் தைத்துத் தரமாட்டார். எங்கள் வீட்டிலேயே ஒருவன் கேட்காமல் பல வருடம் ஓட்டினான். அவன் வாய் திறக்க வேண்டும் என்று அப்பா காத்திருந்தார். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நினைவு மலரில் "அன்னார் பண்பின் சிகரம், எளிமையின் இருப்பிடம்" என்றெல்லாம் எழுத வேண்டும் என்று சிலர் அறிவுரை சொன்னார்கள். அப்பா நல்லவர்தான், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் சிகரம் என்றால் அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிடும். ஊசியில் நூல் கோக்கும்போது நாக்கை வெளியே நீட்டிக்கொள்ளும் மனிதர் அவர்.

அப்பா ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்கு ஒரே தங்கை, எங்கள் அத்தை. தாத்தா சீக்கிரமே காலமாகிவிட்டதால் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அப்பா விருத்தாசலத்துக்கு வந்தார். பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய கம்பெனியில் உதவியாளாகச் சேர்ந்தார். களிமண் சுமந்தார், சூளை அடுக்கினார், கடைசியில் மோல்டு போடும் வேலைக்கு வந்து அதிலேயே நிலைத்துவிட்டார். பொம்மை, கப்பு, கரண்டுக்கான பீஸ் கட்டை என்று எதைச் செய்வதானாலும் முதலில் அதற்குப் பிளாஸ்டரில் அச்சு வேண்டும். அந்த அச்சைச் செய்பவர் அப்பா.

இந்த வேலையில் ஒரு விஷயம் உண்டு. விருத்தாசலத்துக்காரர்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். களிமண் காயும்போது சுருங்கும், சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும். அதனால் வேண்டிய அளவைவிட மோல்டைப் பெரிதாகப் போட வேண்டும். கம்பெனியில் அதைச் 'சுருக்கத்துக்கு விடுவது' என்பார்கள். அப்பா தம் வாழ்நாள் முழுவதும் எல்லாவற்றையும் சுருக்கத்துக்கு விட்டே செய்து பழகியவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கஷ்டமில்லாத குடும்பம் என்று சொல்ல முடியாது. நாங்கள் படித்துக்கொண்டிருந்தபோது கம்பெனி கொஞ்ச காலம் மூடிக் கிடந்தது. அப்பா தம் கத்திகளையும் சுரண்டிகளையும் ஒரு துணியில் சுற்றிக் கேரியரில் வைத்துக்கொண்டு, சைக்கிளில் கம்பெனி கம்பெனியாகப் போய் வேலை கேட்டார். அப்போது வீட்டை ஓட்டியது அம்மாவின் தையல் மெஷின். கல்யாணத்தின்போது அம்மாவின் பிறந்த ஊரான நல்லூரிலிருந்து சீராக வந்த மெஷின் அது. தெருவுக்கே அம்மா ஜாக்கெட் தைத்தார். தீபாவளி வந்தால் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்கப் பிறர் வீட்டுத் துணிதான் கிடக்கும். நான் படித்து ஆசிரியை ஆனேன். தம்பி இன்ஜினியராகிச் சென்னைக்குப் போனான். அம்மாவுக்கு முதுகு வலி வந்ததுதான் மிச்சம். கடைசி ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வந்த அன்று மெஷினை மூடி, அதன்மேல் டேபிள் ஃபேனைத் தூக்கி வைத்தார். இனி அதைத் தொட மாட்டேன் என்றார்.

அப்பா ஓய்வு பெற்றபோது எங்களுக்கு வேறு கவலை வந்தது. அவர் கை சும்மா இருக்காது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்சியைப் பிரித்தார். ஒழுகாத குழாய்க்கு வாஷர் மாற்றி ஒழுக வைத்தார். கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தார், மிச்சமிருந்த பெயிண்ட்டை வீணாக்கக் கூடாது என்று அம்மிக்கும் அடித்தார். ஒரு நாள் அம்மா பொறுமை இழந்துவிட்டார்.

"என்னாங்க, கை அரிக்குதுன்னா அந்த மெஷின்ல போய் ஒக்காந்து ஒரு தலகாணி உறையாவது தைங்க. வூட்ல இருக்கற சாமானாவது தப்பிக்கும்."

அம்மா கோபத்தில் சொன்னதை அப்பா யோசனையாக எடுத்துக்கொண்டார். டேபிள் ஃபேனை இறக்கினார். தலையணையை அளந்தார், மறுபடி அளந்தார், சாக்குக்கட்டியால் கோடு போட்டார், வெட்டினார். சாயங்காலம் ஓர் உறையைத் தைத்து முடித்து, வெற்றி வீரரைப் போல் எடுத்துக்கொண்டு வந்தார். தலையணையை அதற்குள் விட்டால் அது ஒரு மூலைக்குப் போய் உருண்டுகொண்டது. பக்கத்தில் இன்னொரு தலையணை தாராளமாகப் படுக்கலாம். அம்மா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"அளவெடுத்துதான தச்சீங்க?"

"எடுத்தேனே. சுருக்கத்துக்கு உட்டு வெட்டிருக்கேன்."

"அது சரி. இத எந்தச் சூளையில வெச்சு சுடறது?"

அப்பாவுக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். நான் அன்று லீவில் வீட்டில்தான் இருந்தேன். கம்பெனி மூடியபிறகு அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அன்று அவரை மெஷினில் கட்டிப்போட்டது அந்த உறை அல்ல, அதைப் பிரித்த வேலை. தையலைப் பிரித்து, துணியைத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டால் தப்பு நடந்த சுவடே இல்லை. "இங்க பாரும்மா," என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "சூளையில போயி கோணலாயிட்டா ஒடைச்சிக் கொட்ட வேண்டியதுதான். இது பிரிச்சா திரும்பவும் துணியாயிடுது!" ஏதோ தாமே கண்டுபிடித்த மாதிரி அதை ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தைப்பதற்குச் சமமாகப் பிரிப்பதிலும் அவருக்கு ஆனந்தம் இருந்தது. பிரித்தெடுத்த நூலை ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்.

அதற்குப் பிறகு ஒட்டுப் போர்வை வந்தது. பழைய சேலை, வேட்டி, சட்டை, தையல் கடையில் மிஞ்சும் பிட்டுத் துணி எல்லாவற்றையும் சதுரமாகவும் முக்கோணமாகவும் வெட்டி மூட்டினால் மேல்பக்கம் தயார். நடுவில் பழைய வேட்டியை மடித்து வைத்து, அடியில் இன்னொரு துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத் தையல் போட வேண்டும். செல்போனில் எந்த ஊர்க்காரம்மாவோ அப்படித் தைப்பதைப் பார்த்துவிட்டு அப்பாவுக்கு உறக்கம் போய்விட்டது. அட்டைப் பெட்டியை வெட்டி அச்சுகள் செய்துகொண்டார். வெட்டும்போது துணி நகராமல் இருக்க, கம்பெனியில் கழித்துப் போட்ட பீஸ் கட்டைகளைப் பாரமாக வைத்தார். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் துணியின்மேல் ஏன் பீஸ் கட்டை உட்கார்ந்திருக்கிறது என்று குழம்பியதெல்லாம் உண்டு.

எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். அப்பா வேலை செய்த காலமெல்லாம் வெள்ளைக் களிமண்ணையும் வெள்ளைப் பிளாஸ்டரையும் பார்த்தவர். வீட்டுக்கு வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். பொம்மைக்கு வண்ணம் தீட்டுவது வேறு செக்‌ஷன், அப்பா அங்கே போனதே இல்லை. அப்படிப்பட்டவர் கையில் திடீரென்று கத்திரிப்பூ நிறமும் மாம்பழ மஞ்சளும் மயில் கழுத்துப் பச்சையும் வந்து விழுந்தால் என்ன ஆகும்? துண்டுகளைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, இதற்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்து, எழுந்து தள்ளி நின்று பார்த்து, ஜன்னலைத் திறந்து பார்த்து, காலைச் சாப்பாட்டை மதியம் சாப்பிடுவார். இரண்டு முனைகள் பிசகாமல் வந்து சேர்ந்துவிட்டால் தாமே கைதட்டிக்கொள்வார்.

ஒரு தப்பும் செய்தார். தலையணை உறையில் பட்ட அனுபவத்தால் துணி சுருங்கவே சுருங்காது என்று முடிவு கட்டிவிட்டார். புதுச் சிவப்புத் துணியையும் அம்மாவின் பழைய சேலையையும் சேர்த்து முதல் போர்வையைத் தைத்தார். தோய்த்துப் போட்டதும் பழையது அப்படியே இருந்தது, புதியது சுருங்கி இழுத்துக்கொண்டது. போர்வை முழுக்க அப்பளம் மாதிரி கொப்புளம். சிவப்புச் சாயம் வேறு ஊர் சுற்றியிருந்தது. அப்பா அதைப் பார்த்து வருத்தப்படுவார் என்று நாங்கள் நினைத்தோம். அவரோ பழைய நண்பரைத் திரும்பச் சந்தித்தவர்போல, "சுருங்குது பாத்தியா! இதுவும் சுருங்குது!" என்று மகிழ்ந்து போனார். அன்று முதல் புதுத் துணி எது வந்தாலும் முதலில் பக்கெட்டில் ஊறும். ஊறி, காய்ந்து, சுருங்க வேண்டியது சுருங்கிய பிறகுதான் கத்தரிக்கோல்.

அம்மா இதையெல்லாம் தள்ளி இருந்தே பார்த்தார். ஒரு நாள் என்னிடம், "அந்த மெஷின்ல நான் ஒரு நாளு கூட சிரிச்சதில்லடி. இந்த மனுஷன் ஒக்காந்தா சிரிச்சிக்கிட்டே இருக்காரு," என்றார். அதில் கொஞ்சம் பொறாமை இருந்தது, அது நியாயமும்கூட. முதுகு ஒடியத் தைத்து எங்களைப் படிக்க வைத்தவருக்கு ஒருவரும் கைதட்டவில்லை. பிறகு ஒரு மதியம், அப்பா பச்சையையும் நீலத்தையும் வைத்துக்கொண்டு திணறுவதைப் பார்க்கச் சகிக்காமல் அம்மா ஒரு மிளகாய்ச் சிவப்புத் துண்டைக் கொண்டுவந்து நடுவில் போட்டார். அவ்வளவுதான், போர்வை உயிர் பெற்றுவிட்டது. அதிலிருந்து மூட்டுவது அப்பா, ஓட்டுத் தையல் அம்மா. யாருக்கும் அவசரமாகக் கொடுக்க வேண்டியதில்லை, யாரும் வாசலில் வந்து நிற்கப் போவதில்லை. இரண்டு பேரும் போர்வையின் இரு முனையில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டே தைப்பார்கள். எங்கள் பெற்றோர் காதலித்து நான் பார்த்தது அப்போதுதான், இதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

ஆனால் ஒட்டுப் போர்வை என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். புதுசு வாங்க வழியில்லாத வீட்டில் கிடப்பது அது. அத்தை ஒரு முறை ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்தவர், கட்டிலில் விரித்திருந்த போர்வையைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கிவிட்டார்.

"என்னாண்ணே இது, ஒட்டுத்துணி போத்திக்கிற நெலமையா? புள்ளைங்க ரெண்டும் சம்பாதிக்குது, ஒரு கம்பளி வாங்கித் தர்ல?"

அப்பா சிரித்தார். கேள்விப்பட்ட தம்பிக்குத்தான் சுருக்கென்று தைத்தது. மறுவாரமே சென்னையிலிருந்து விலை உயர்ந்த கம்பளிகள் வந்து இறங்கின. அப்பா அவற்றை அழகாக மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு ஒட்டுப் போர்வைக்குத் திரும்பினார். தம்பி போனில் என்னிடம் புலம்பினான். "அக்கா, ஊர்ல எல்லாரும் என்னையதான் கேப்பாங்க. பொழுது போகணும்னா டிவி பாக்கச் சொல்லு."

நான் முதல் நாளே கேட்டு வாங்கிவிட்டேன். என் வீட்டுக்காரர் கேட்டு வாங்கினார். கம்பெனி நண்பர்கள் கேட்டார்கள், தெருவில் கேட்டார்கள். தம்பி மட்டும் கேட்கவில்லை. "அவனுக்கும் ஒன்னு தச்சுக் குடுத்துடுங்களேன்ப்பா," என்று நான் சொன்னபோது அப்பா மறுத்துவிட்டார். "கேக்காம குடுத்தா மூலையில கெடக்கும்மா. அவன் கேக்கட்டும், தச்சுத் தரேன்." சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் தம்பி வரும்போதெல்லாம் நல்ல போர்வையாக எடுத்து அவன் கண்ணில் படுகிற இடத்தில் மடித்து வைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

தம்பிக்குக் குழந்தை பிறந்தது. தம்பியின் மாமனார் வீடு திட்டக்குடியில், துணிக்கடைக்காரர்கள். கீழே கடை, மேலே வீடு. தொட்டில் போடும் நாளுக்கு நாங்கள் வரிசை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அப்பா தம் பழைய வேட்டியை உள்ளே வைத்து, கைக்குட்டை போன்ற மெல்லிய துண்டுகளால் ஒரு சின்னப் போர்வை தைத்திருந்தார். அதைத் தாம்பாளத்தில் வைக்கப் போனபோது தம்பி கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா, துணிக்கடைக்காரங்க வூட்டுக்குப் போறோம்பா. அவங்க எதிர்ல ஒட்டுத்துணிய வெக்காதீங்க. ப்ளீஸ்."

அப்பா போர்வையை மடித்துத் தம் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் திட்டக்குடி போய்ச் சேரும்வரை பையை மடியிலேயே வைத்திருந்தார்.

நல்ல ஐப்பசி மழை. குழந்தைக்கு வைத்திருந்த பழந்துணியெல்லாம் கொடியில் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தம்பி சென்னையிலிருந்து வாங்கி வந்த வெல்வெட் மெத்தையில் குழந்தையைப் போட்டார்கள். அது வீல் என்று கத்தத் தொடங்கியது. பால் கொடுத்தாலும் கத்தல், தூக்கினால் அமைதி, போட்டால் மறுபடி கத்தல். வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சம்பந்தி வீட்டுப் பெரியம்மா ஒருவர் குழந்தையின் முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வெல்வெட்டு சுடுதுடி. புதுசு ஒத்துக்கல. பழைய வேட்டி ஒன்னு எடுத்தாங்க," என்றார்.

அங்கேதான் வேடிக்கை. துணிக்கடை வீட்டில் பழந்துணி ஏது? கொஞ்சம் வெளுத்தாலே கடைப் பையன்களுக்குக் கொடுத்துவிடுவார்களாம். கீழே கடை நிறையத் துணி, அத்தனையும் கஞ்சி விறைப்பில் புதுசு. மாடிக்கும் கீழுக்கும் ஓடினார்கள். குழந்தை கத்துகிறது. அப்பா எழுந்து, தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மஞ்சள் பையிலிருந்து போர்வையை எடுத்துப் பெரியம்மாவிடம் கொடுத்தார். பலமுறை தோய்த்துப் பூவாக இருந்தது அது. விரித்துக் குழந்தையைப் போட்டார்கள். இரண்டு விக்கல், ஒரு கொட்டாவி, அப்புறம் சத்தமில்லை.

சம்பந்தி மாமா துணியோடு பிறந்து வளர்ந்தவர். தூங்கும் குழந்தை அசையாமல் போர்வையின் ஓரத்தை மட்டும் தூக்கினார். முனைகளைத் தடவினார், புரட்டிப் பின்பக்கத் தையலைப் பார்த்தார்.

"சம்பந்தி, எங்க வாங்குனீங்க இத?"

"வூட்ல தச்சதுங்க. மூட்டனது நானு, கைத்தையல் அவங்க."

சம்பந்தி மாமா உரத்த குரல்காரர். உள்ளே திரும்பி, "ஏய், அந்தப் பெரிய தாம்பாளத்த எடுத்தாங்க!" என்றார். குழந்தை எழுந்ததும் போர்வையை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்து, வந்திருந்த அத்தனை பேரிடமும் தாமே கொண்டுபோய்க் காட்டினார். "பேரனுக்கு எங்க சம்பந்தி கையால தச்ச சீரு. தொட்டுப் பாருங்க, கையத் தொடச்சிக்கிட்டுத் தொடுங்க." எங்கள் அத்தையும் அங்கே இருந்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தொட்டுப் பார்த்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "அண்ணே, எனக்கு ஒன்னு தச்சுக் குடுண்ணே, அரக்குக் கலர்ல," என்று கேட்டும்விட்டார்.

அதன்பிறகு திட்டக்குடியிலிருந்து மூட்டை மூட்டையாகப் பிட்டுத் துணி வந்தது. தைத்துக் கொடுத்தால் கடையிலேயே வைத்து விற்கலாம் என்று சம்பந்தி மாமா பலமுறை சொன்னார். அப்பா கடைசிவரை சம்மதிக்கவில்லை. "விக்க ஆரம்பிச்சா அது வேலையாயிடும் சம்பந்தி. நான் ரிட்டயர்டு ஆயிட்டேன்," என்பார். அம்மா பக்கத்திலிருந்து பலமாகத் தலையாட்டுவார்.

தம்பி அன்று திட்டக்குடியில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான். குழந்தையின் போர்வையைச் சென்னைக்குப் பத்திரமாக எடுத்துப் போனான். ஆனால் தனக்கென்று கேட்கவில்லை. இப்போது வெட்கம் ஊரைப் பார்த்து அல்ல, அப்பாவைப் பார்த்து. அப்பாவும் இறங்கி வரவில்லை. இரண்டு பேரும் ஒரே ரகம்.

பிறகு அப்பாவுக்கு இருதயம் பலவீனமானது. புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தம்பி லீவு போட்டுவிட்டு வந்து கூடவே இருந்தான். அறையில் ஏசி, மதிய நேரத்திலும் நடுங்க வைக்கும். அப்பா தம் ஒட்டுப் போர்வைக்குள் சுகமாகப் படுத்திருந்தார். தம்பி பிளாஸ்டிக் நாற்காலியில் கைகளைக் கட்டிக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். நான் பிளாஸ்கில் காபியோடு உள்ளே நுழைந்த நேரம், அவன் அப்பாவின் போர்வை முனையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துச் சொன்னான்.

"அப்பா... எனக்கு ஒன்னு தச்சுக் குடுங்கப்பா."

அப்பா கண்ணைத் திறந்தார். எத்தனையோ காலம் காத்திருந்தவர், ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை.

"எந்தக் கலரு?" என்றார்.

"எதுவா இருந்தாலும் சரிப்பா."

"அதெல்லாம் முடியாது. கலரு சொல்லு."

தம்பி நீலம் என்றான். நான் காபியை மேசையில் வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மெஷின் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பா மெஷினையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நீலப் போர்வை நடக்காது என்றுதான் நாங்கள் பயந்தோம். தம்பி கடைத்தெருவுக்குப் போய், மெஷினுக்குப் பொருத்துகிற சின்ன மோட்டார் ஒன்றை வாங்கி வந்தான். எங்கள் வீட்டு இன்ஜினியர் தரையில் படுத்து, கையெல்லாம் கிரீஸாக, தானே அதைப் பொருத்தினான். காலால் லேசாகத் தொட்டால் போதும், மெஷின் ஓடும். அப்பா ஒரு நாளைக்குக் கொஞ்சம் தைப்பார், படுப்பார். தம்பி துண்டுகளை இஸ்திரி போட்டுக் கொடுப்பான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கைத்தையல் போடுவார். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் நோயாளி இருக்கிற அடையாளமே இல்லை. டாக்டரே அடுத்த முறை பார்த்தபோது என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று விளையாட்டாகக் கேட்டார்.

கத்திரி வெயிலில் நீலப் போர்வை முடிந்தது. அப்பா கடைசி நூலைக் கடித்து அறுத்து, "ம், எடுத்துக்க," என்றார். வெளியே அனல் அடிக்கிறது. தம்பி அதை வாங்கித் தலையோடு போர்த்திக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தான். வியர்வை ஆறாக ஓடியும் கழற்றவில்லை. அது இரண்டு ஆள் போர்த்தும் அளவுக்கு இருந்தது. ஏன் இவ்வளவு பெரிசு என்று அம்மா கேட்டதற்கு, "பேரனும் உள்ள வருவான்ல," என்றார் அப்பா. அவர் முகத்தில் அன்று இருந்த வெற்றியை நான் மறக்கமாட்டேன்.

சில நாட்கள் கழித்து, மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் தூக்கத்திலேயே எங்களை விட்டுப் போனார். மெஷினுக்கு எண்ணெய் போட்டு மூடி வைத்திருந்தார். பாதியில் நின்ற வேலை எதுவும் இல்லை. நீலப் போர்வையை அவர்மேல் போர்த்தி அனுப்பலாமே என்று சிலர் பாசத்தோடு சொன்னார்கள். அம்மாதான் தடுத்தார். "அது புள்ள கேட்டு வாங்கனது. அவருக்குக் கோடி போடுங்க."

இனி நன்றி சொல்லும் முறை. புதுச்சேரியில் அப்பாவைத் தங்கள் வீட்டுப் பெரியவரைப் போல் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்ஸ் பெண்களுக்கும் நன்றி. இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்த கம்பெனி நண்பர்களுக்கும், மூன்று வேளையும் எங்களுக்குச் சமைத்துப் போட்ட தெருக்காரர்களுக்கும் நன்றி. பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தையல் கடை அண்ணன் அப்பாவுக்காகவே பிட்டுத் துணியை நிறம் பிரித்து எடுத்து வைப்பார், அவருக்கும் நன்றி. திட்டக்குடி மாமாவின் அந்தத் தாம்பாளத்துக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

கடைசியாகத் தம்பிக்கு. காரியத்தன்று மாமன்மாரும் சம்பந்தி வீட்டாரும் உறவினர்களும் அவன் தலையில் உருமா கட்டினீர்கள். புது வேட்டியும் துண்டும் குவிந்தன. அம்மாவுக்கு நல்லூரிலிருந்து பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்தது. மறுநாள் காலையில் நான் எழுந்து பின்பக்கம் போனால், கிணற்றடியில் இருக்கிற பக்கெட், அண்டா, குண்டான் எல்லாவற்றிலும் துணி ஊறிக்கொண்டிருக்கிறது. உருமா வேட்டிகள், துண்டுகள், அம்மாவின் கோடிச் சேலை, எல்லாம். தம்பி நடுவில் உட்கார்ந்து அமுக்கிக்கொண்டிருந்தான். அம்மா திகைத்துப் போய் நின்றார்.

"என்னாடா இது, கட்டாத துணிய எதுக்குடா ஊற வெக்கிற? அந்தச் சேலைய நான் கட்டப் போறதில்லன்னு பீரோ அடியில வெச்சிருந்தேன்."

"கட்ட வேணாம்மா. சுருங்கட்டும். அப்பறம் வெட்டலாம்."

அத்தை அங்கேதான் இருந்தார். கோடித் துணியை வெட்டலாமா என்று ஏதாவது சொல்வார் என்று பயந்தேன். அவர் ஒரு வேட்டியை எடுத்துப் பிழிந்து கொடியில் போட்டபடி, "அண்ணன் இருந்திருந்தா அதத்தான் பண்ணியிருக்கும்," என்றார்.

துணிகள் காய்ந்ததும் தம்பி முதலில் ஓர் உருமாத் துண்டை எடுத்து, கை பழகுவதற்காகத் தலையணை உறை ஒன்று தைத்தான். தண்ணீரில் ஊறிய பிறகும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது, இன்னும் சுருங்கினால் என்ன செய்வது என்று தாராளமாக விட்டு வெட்டியிருக்கிறான். தலையணையை உள்ளே விட்டான். அது ஒரு மூலைக்குப் போய் உருண்டுகொண்டது. அம்மா எழுந்து வந்து, அதை வாங்கித் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இத எந்தச் சூளையில வெச்சு சுடறது?" என்றார்.

கேட்டுவிட்டு அம்மாவே சிரிக்க ஆரம்பித்தார். அப்பா போன பிறகு அவர் சிரித்தது அன்றுதான். தம்பி உறையைப் பிரித்தான். அந்தத் துண்டும், மற்ற வேட்டிகளும், கோடிச் சேலையும் சேர்ந்த போர்வை இன்று அப்பாவின் படத்துக்கு முன்னால் விரித்திருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு தொட்டுப் பாருங்கள். உங்களுக்கும் ஒன்று வேண்டுமென்றால் தம்பியிடம் கேளுங்கள். கலரும் சொல்லுங்கள்.